பரீதா மூழ்கிய சனிக்கிழமை

யாசருக்குத் தோற்றுப்போவது புதிதல்ல. பூப்பந்தில் தோற்றிருக்கிறான், கேரம் போர்டில் தோற்றிருக்கிறான், அம்மா ஆமினா பீவியோடு வாய்ப்பேச்சில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாமனாராக வரப்போகிறவரோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும், தோற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று அவனோடு வேலை பார்க்கும் சுஹைப் சொன்னான். இதில் என்ன பெரிய சிரமம் இருந்துவிடப் போகிறது என்றுதான் யாசரும் நினைத்தான்.

"மாமனாரை ஜெயிச்சவன் எவனாவது நல்லா இருந்து பார்த்திருக்கியா?" என்றான் சுஹைப். இருவரும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்தார்கள். எந்தச் சரக்கை விமானத்தின் எந்தப் பகுதியில் ஏற்றினால் எடை சரியாக நிற்கும் என்று கணக்குப் பார்ப்பது வேலை. "நேரா போ, தோத்துடு, சாப்பிடு, வந்துடு. அவ்ளோதான் லா."

பெண்ணின் பெயர் யும்னா. மருத்துவமனையில் காது பரிசோதிக்கும் வேலை. உறவினர் ஒருவர் எண் கொடுத்து, இருவரும் ஒரு மாதமாகப் பேசி, இரண்டு முறை காப்பி குடித்து, பிடித்தும் போயிருந்தது. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரே ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தாள்.

"அத்தா ஒரு கேம் எடுத்து வைப்பாங்க. கப்பல் சண்டை. பயந்துடாதீங்க."

"ஆடத் தெரியாதே எனக்கு."

"அவங்களே சொல்லிக் கொடுப்பாங்க. முன்னாடி ஒருத்தர் வந்தார், ஆடும்போது ஃபோனையே பார்த்துக்கிட்டிருந்தார். இன்னொருத்தர் தாயக்கட்டையை விரலால திருப்பிட்டார். ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

"நான் எப்படி ஆடணும்?"

"ஒழுங்கா ஆடுங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள். ஒழுங்காக என்றால் என்ன என்று யாசர் சுஹைபிடம் கேட்டான். மரியாதையாகத் தோற்பது என்று சுஹைப் விளக்கம் கொடுத்தான்.

சனிக்கிழமை மதியம் தாயும் மகனும் தெம்பனிஸிலிருந்து ரயிலேறி ஜாலான் புசாரில் இறங்கி நடந்தார்கள். ஆமினா பீவி கையில் மூன்று அடுக்குக் கேரியர். அதில் வட்லாப்பம். யும்னாவின் அத்தா சாகுல் ஹமீதின் வீடு தேக்கா சந்தைக்கு மேலேயே இருந்த அடுக்குமாடியில். லிப்டில் யாரோ வாங்கிக்கொண்டு ஏறிய நண்டு பைக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. ஆமினா பீவி கேரியரை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

சாகுல் ஹமீதுக்கு டன்லப் ஸ்திரீட்டில் சூட்கேஸ் கடை. ஊருக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அவர் விற்ற பெட்டியோடுதான் விமானம் ஏறினார்கள். அவரோ பாத்தாம் தீவுக்குப் படகில் போனாலே வாந்தி எடுக்கிற ஆள். கடலென்றால் அவருக்கு மேசை மேல் விரிக்கிற கடல்தான். மேசையில் நீலக் கட்டங்கள் போட்ட பெரிய வரைபடம் விரிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரு சின்னச் சூட்கேஸைத் திறந்து, ஒருவருடைய கப்பல் எங்கே இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியாதபடி மூடியை மறைப்பாக நிறுத்தியிருந்தார்.

சலாம் சொல்லி, நலம் விசாரித்து, ரோஜாப்பூ வாசனையோடு குளிர்ந்த பால் பண்டுங் வந்து, அது பாதி இறங்குவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"கேரியர் பார்த்திருக்கீங்களா தம்பி?"

"இதோ கொண்டாந்திருக்கேனே" என்றார் ஆமினா பீவி. "மேல் தட்டுல வட்லாப்பம் கொஞ்சம் கூட இனிப்பா இருக்கும்."

சாகுல் ஹமீது கேரியரையும் ஆமினா பீவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, "நான் சொன்னது விமானம் ஏத்திக்கிட்டுப் போற கப்பல், லாத்தா" என்றார். உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. யும்னாவின் குரல்தான். அவள் அம்மா பரீதா மாமி வந்து ஆமினா பீவியையும் கேரியரையும் சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

ஆட்டத்தின் முறையைச் சொன்னபோது சாகுல் ஹமீதின் முகமே மலர்ந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல், நாலைந்து துணைக் கப்பல், ஓர் எண்ணெய்க் கப்பல். விமானங்களை அனுப்பி எதிரியைத் தேட வேண்டும், கண்டுபிடித்தால் தாக்க வேண்டும், தாயக்கட்டை உருட்டினால் அடி விழுந்ததா இல்லையா என்று தெரியும். கப்பலுக்குப் பெண் பெயர்தான் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருடைய பெரிய கேரியர் பரீதா. சின்னது யும்னா. எதிரிப் படையின் இரண்டுக்கும் மைமூன், ஜொஹரா என்று பெயர்.

"அவங்க யாரு மாமா?"

"என் தங்கச்சிங்க. ரெண்டு பேரும் எப்பவும் எதிர்க்கட்சிதான்."

யாசருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. "எதுக்கு ரொம்பப் புள்ளி மாமா?"

அந்தக் கேள்வி சாகுல் ஹமீதுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இதுவரை வந்தவர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை. ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். பெரிய கேரியர் மூழ்கினால் எதிரிக்கு இருபது புள்ளி, சின்னதுக்குப் பன்னிரண்டு. அடிபட்டு, ஓடுதளம் மூடி, மூழ்காமல் தப்பினால் அதில் பாதி. எண்ணெய்க் கப்பலுக்கு மூன்று. கடலில் விழுகிற ஒவ்வொரு விமானப் பிரிவுக்கும் ஒன்று. தன் கப்பலைத் தானே மூழ்கடித்தால் எதிரிக்கு முழுப் புள்ளி.

மாமனாருக்கு எந்த வழியிலெல்லாம் புள்ளி அள்ளிக் கொடுக்கலாம் என்பதற்கான வழிகாட்டியாக யாசர் அந்த அட்டையைப் படித்தான். அவனுடைய கேரியர்கள் இரண்டுமே பெரியவை. இரண்டும் மூழ்கினால் நாற்பது. மாமா மனம் குளிர்ந்துவிடும்.

முதலில் விமானங்களை ஒழித்துவிடுவது என்று முடிவு செய்தான். வரைபடத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு தீவுகூட இல்லை, வெறும் தண்ணீர். எந்தப் புத்தியுள்ள மனிதனும் அங்கே கப்பலை நிறுத்த மாட்டான். மைமூனிலும் ஜொஹராவிலும் இருந்த அத்தனை விமானத்தையும் அந்த மூலைக்கு அனுப்பினான். திரும்பி வர எரிபொருள் போதாது, எல்லாம் வரிசையாகக் கடலில் விழும், பிறகு காவலே இல்லாத கேரியர்களை மாமா சாவகாசமாக அடித்துக்கொள்ளலாம்.

"எந்தக் கட்டம்?" என்றார் சாகுல் ஹமீது.

யாசர் கட்டத்தின் எண்ணைச் சொன்னான்.

அவர் சூட்கேஸ் மூடிக்குப் பின்னால் குனிந்து எதையோ பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் நெற்றி லேசாக வியர்த்திருந்தது.

"இருக்கேன்" என்றார்.

"என்ன மாமா?"

"அந்தக் கட்டத்துலதான் இருக்கேன். முழுப் படையோட."

யாரும் எதிர்பார்க்காத மூலையில் பதுங்கியிருந்து பின்பக்கமாக வந்து அடிப்பது அவர் திட்டமாம். அதைவிடக் கொடுமை, விமானங்களுக்குக் குண்டு ஏற்றி ஓடுதளத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். அந்த நிலையில் அடி விழுந்தால் சேதம் இரண்டு மடங்கு. இதையும் அவரே சொன்னார். யாசருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

"உருட்டுங்க தம்பி."

யாசர் கட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மனசுக்குள் துஆ கேட்டான். ஒவ்வொரு தடவையும் ஒன்று விழட்டும், அடியே படக் கூடாது என்று கேட்டான். ஆறு விழுந்தது. மறுபடி ஆறு. மூன்றாவது தடவை கட்டையை உருட்டாமல் சும்மா கீழே போட்டுப் பார்த்தான். அது மேசையில் குதித்து, பண்டுங் டம்ளரில் இடித்து, ஆறு காட்டி நின்றது.

பெரிய கேரியருக்கு நாலு சேதக் கட்டம். விழுந்தது மூன்று அடி, இரட்டித்தால் ஆறு. சாகுல் ஹமீது பரீதா என்று எழுதியிருந்த அட்டைத் துண்டை இரண்டு விரலால் எடுத்து, மேசையின் ஓரத்தில் வைத்தார்.

"பரீதா போயிட்டா" என்றார் மெதுவாக.

சமையலறையிலிருந்து பரீதா மாமி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "யாரு போனது?"

"நீதான்."

"எப்படி?"

"தீப்பிடிச்சு."

மாமி யாசரை ஒரு பார்வை பார்த்தார். கோபமா, வேடிக்கையா என்று அவனுக்குப் புரியவில்லை. "நெய்ச்சோறு அடுப்புல இருக்கு. நான் போய் அதைப் பார்க்கிறேன்" என்று திரும்பினார். ஆமினா பீவி உள்ளே யாருக்குத் தீப்பிடித்தது என்று கேட்பது கேட்டது.

யாசருக்கு வேறு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. "இந்த விமானமெல்லாம் திரும்ப வராதுல்ல மாமா? பெட்ரோல் பத்தாது."

சாகுல் ஹமீது அளவுகோலை வைத்து அளந்தார். மனைவியைப் பறிகொடுத்த கையோடு அவர் காட்டிய நேர்மையை யாசரால் தாங்க முடியவில்லை. "பத்தும் தம்பி. உங்க கேரியர் ரெண்டும் முன்னால வந்து நின்னா எறங்கிடலாம். உங்க உரிமை அது. நான் மறைக்கக் கூடாது."

வேறு வழியில்லாமல் யாசர் கேரியர்களை முன்னால் நகர்த்தினான். நகர்த்தியபோது, இப்போது அவை எதிரிக்கு மிக அருகில் வந்துவிட்டன என்பது புரிந்து சற்று ஆறுதலாக இருந்தது. சாகுல் ஹமீது சின்னக் கேரியர் யும்னாவில் எஞ்சியிருந்த விமானங்களை எல்லாம் கிளப்பி அடித்தார். பிஸ்மில்லா சொல்லி உருட்டினார். ஒன்று, ஐந்து, நாலு. எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. மைமூனுக்கு ஒரே ஓர் அடி. அவ்வளவுதான்.

யாசர் புள்ளியைக் கூட்டிப் பார்த்தான். அவனுக்கு இருபது. மாமாவுக்கு மூன்று. இந்தப் போக்கில் போனால் அடுத்த சுற்றில் சின்னக் கேரியரும் மூழ்கும். பெண் பார்க்க வந்த இடத்தில், தாயை மூழ்கடித்துவிட்டு மகளையும் மூழ்கடிப்பதென்றால் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? அட்டையின் கடைசி வரி நினைவுக்கு வந்தது.

"மாமா, மைமூனை நானே மூழ்கடிச்சிடறேன்."

சாகுல் ஹமீது பென்சிலைக் கீழே வைத்தார். "ஏன்?"

"ரொம்ப அடிபட்டிருக்கு."

"ஒரு அடி. ஓடுதளம் திறந்திருக்கு. இன்ஜின் ஓடுது. என் தங்கச்சி நல்லா இருக்கா. எதுக்கு மூழ்கடிக்கணும்?"

சாகுல் ஹமீது வரைபடத்தைப் பார்த்தார், அந்தத் தென்மேற்கு மூலையைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "அந்த மூலைக்கு ஏன் அனுப்பினீங்க? நான் அங்க இருப்பேன்னு எப்படித் தெரிஞ்சது?"

ஊகித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவனைப் பெரிய தளபதி என்று அவர் கொண்டாடியிருப்பார். ஆனால் யாசருக்கு நேருக்கு நேர் பொய் சொல்ல வராது.

"இல்ல மாமா. நீங்க அங்க இருக்க மாட்டீங்கன்னு நெனைச்சுத்தான் அனுப்பினேன்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சாகுல் ஹமீது கப்பல்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார், சூட்கேஸை மூடினார், பூட்டைத் தட்டினார். "சாப்பிடலாம்" என்றார்.

நெய்ச்சோறும் தாளிச்சாவும் பிரமாதமாக இருந்ததாக ஆமினா பீவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். யாசர் ஒரு கரண்டிக்கு மேல் வாங்கிக்கொள்ளவில்லை. சாப்பாட்டின்போது சாகுல் ஹமீது அவனிடம் பேசியது ஒரே வார்த்தை. "ஊறுகாய்?"

மறுநாள் யும்னாதான் ஃபோன் செய்தாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"வேணும்னே தோக்கப் பார்த்தீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"உங்க அத்தா சந்தோஷப்படுவாங்கன்னு. சுஹைப் சொன்னான்."

"சுஹைபைக் கட்டிக்கப் போறது நானா?" அவளே தொடர்ந்தாள். "கேக்குறீங்களா, நான் நாள் பூரா என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? காது கேக்காமலே கேட்ட மாதிரி தலையாட்டுறவங்களைத்தான் பார்க்கிறேன். வீட்டுல இருக்கிறவங்க சங்கடப்படக் கூடாதுன்னு ஆட்டுவாங்க. கடைசியில ஒருத்தரும் அவங்ககிட்ட பேசறதையே விட்டுடுவாங்க. வீட்டுலயும் எனக்கு அப்படி ஒருத்தர் வேணாம்."

யாசர் தலையாட்டினான். பிறகு, அது ஃபோனில் தெரியாது என்பதும், அவள் சொன்னதே அதைத்தான் என்பதும் உறைத்தது. "நான் என்ன செய்யணும்?"

"அடுத்த சனிக்கிழமை வாங்க. நான் அத்தாகிட்ட சொல்லிட்டேன். அவங்க சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ஆடுங்க. ஜெயிக்கிறதும் தோக்கிறதும் உங்க இஷ்டம். ஆனா ஆடுங்க."

அந்த வாரம் யாசர் ஆட்டத்தின் விதிப் புத்தகத்தை இணையத்தில் தேடி எடுத்து, ஓய்வு நேரமெல்லாம் அதையே படித்தான். படிக்கப் படிக்க அவனுக்கே ஆச்சரியம். எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், எந்த விமானம் எப்போது கிளம்பலாம் என்று எல்லாமே அவன் தினமும் பார்க்கிற கணக்குதான். சுஹைப் எட்டிப் பார்த்து, பரீட்சையா என்று கேட்டான். உன் பேச்சைக் கேட்டதால் வந்தது என்றான் யாசர்.

இரண்டாவது சனிக்கிழமை சாகுல் ஹமீது கதவைத் திறந்துவிட்டார், சலாமுக்குப் பதில் சொன்னார், நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்தார். தேநீர் பாதி ஆட்டத்தில்தான் வந்தது. ஆமினா பீவி இந்தமுறை கேரியர் கொண்டுவரவில்லை. அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று மகனிடமும் சொல்லியிருந்தார்.

இந்தமுறை யாசர் கப்பல்களைப் பிரித்து நிறுத்தினான். எண்ணெய்க் கப்பலைத் தூண்டிலாக முன்னால் விட்டான். சாகுல் ஹமீது தூண்டிலைப் பார்த்துச் சிரித்தார், ஆனாலும் கடித்தார். அசர் தொழுகைக்கு எழுந்து, தொழுதுவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தார்கள். மைமூன் தப்பித்தாள். பரீதா மறுபடி மூழ்கினாள். மாமி இந்தமுறை வெளியே வரவில்லை, உள்ளேயிருந்தே, "தீயா, தண்ணியா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசித் தாக்குதலில் சாகுல் ஹமீதின் விமானங்கள் ஜொஹராவைப் பிடித்தன. நாலு அடி. நாலு கட்டமும் நிறைந்தது. அவர் பென்சிலை எடுத்து, தன் பக்கம் இருபது என்று எழுதினார். "பதினேழும் இருபதும் முப்பத்தேழு. நீங்க முப்பத்தொண்ணு. நல்லா ஆடினீங்க தம்பி."

"பத்துதான் மாமா."

"என்ன பத்து?"

"ஜொஹரா மூழ்கல. ஓடுதளம்தான் மூடியிருக்கு. பாதிப் புள்ளி. நீங்க இருபத்தேழு."

"நாலு கட்டம், நாலு அடி. இதுக்கு மேல மூழ்க என்ன இருக்கு?"

"சேதம் தாங்குதிறனை மீறினா மூழ்கும்னு போட்டிருக்கு. நாலு, நாலை மீறலையே. சமமாத்தான் இருக்கு. அஞ்சாவது அடி விழுந்திருந்தா நான் வாயே திறக்க மாட்டேன்."

"நான் முப்பது வருஷமா இப்படித்தான் ஆடறேன்."

"அப்ப முப்பது வருஷமா தப்பா ஆடிருக்கீங்க மாமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யாசருக்கு உறைத்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. ஃபோனில் விதிப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினான். சாகுல் ஹமீது மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். மீறுவது என்றால் எட்டுவது என்றும் பொருள் உண்டு என்றார். யாசர் இல்லவே இல்லை என்றான். பெட்டி நிறைந்துவிட்டால் நிறைந்ததுதானே, நான் தினமும் கடையில் பார்க்கிறேன் என்றார் அவர். பெட்டி நிறைவது வேறு, மூடி பிய்த்துக்கொண்டு போவது வேறு, நான் தினமும் விமானத்தில் ஏற்றுகிறேன் என்றான் இவன். குரல்கள் ஏறின. "உனக்குத் தமிழும் தெரியல, இங்கிலீஷும் தெரியல" என்றார் சாகுல் ஹமீது. நீங்க என்பது எப்போது நீ ஆயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.

சமையலறையில் ஆமினா பீவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். "நான் போய் அவனை இழுத்துட்டு வரேன். மன்னிச்சுக்குங்க. வீட்டுல அவன் சத்தமே போட மாட்டான்."

"உக்காருங்க லாத்தா" என்றார் பரீதா மாமி. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இவரோட இதை ஆடிக்கிட்டிருந்த கூட்டாளி இப்ராஹீம் அண்ணன், மகன் வீட்டோட இருக்க ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் இந்த மனுஷன் இப்படிக் கத்தி நான் கேக்கவே இல்ல. சாப்பிட்டாங்களா, கடைக்குப் போனாங்களா, வந்தாங்களான்னு இருந்தாங்க. கத்தட்டும், விடுங்க. நாம நம்ம வேலையைப் பார்ப்போம். டிசம்பர்ல வச்சா உங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தோதுப்படுமா?"

ஆமினா பீவி மெதுவாக உட்கார்ந்தார். பரீதா மாமியைப் பார்த்தார், பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த யும்னாவைப் பார்த்தார். யும்னா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு டிசம்பர் லீவு கிடைக்கும்" என்றாள்.

அவள் மறுபடி தேநீர்த் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது இருவரும் நின்றுகொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். யாசர் ஜொஹராவை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தான், அவர் பிடுங்கிவிடுவாரோ என்று பயந்தவன்போல.

"அத்தா, டிசம்பர்ல மண்டபம் பார்க்கணுமாம். அம்மா கேக்குறாங்க."

"எதுக்கு மண்டபம்?"

"நிக்காஹ் விருந்துக்கு."

"யாருக்கு?"

"எனக்கு."

சாகுல் ஹமீது யாசரை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் பிடிவாதக்காரனுக்கா?"

"ஆமா அத்தா."

"சரி, பார்த்துக்கலாம். முதல்ல இந்த ஜொஹரா விஷயம் முடியட்டும்." தேநீரை ஒரு வாய் குடித்தார். "இப்ராஹீம்கிட்ட கேப்போம். அவன் சொல்றதை நீ ஒத்துக்குவியா?"

"நீங்க ஒத்துக்குவீங்களா?"

"நான் வாக்கு மாற மாட்டேன்."

படம் எடுத்து, நடந்ததைக் குரல் பதிவாகச் சொல்லி, பெர்த்துக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. இப்ராஹீமின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "டேய் சாவுலு, அந்தப் பையன் சொல்றதுதான்டா சரி. இதைத்தானே உன்கிட்ட வருஷக்கணக்கா தொண்டை கிழியச் சொன்னேன். நீ எங்க கேட்ட? நான் தோத்த ஆட்டமெல்லாம் திருப்பிக் கணக்குப் போடு. ஆமா, யாரு அந்தப் பையன்?"

சாகுல் ஹமீது அதை இரண்டாவது தடவை போட்டுக் கேட்டார். வேறு ஏதாவது சொல்லியிருப்பானோ என்று பார்த்ததுபோல் இருந்தது. பிறகு உட்கார்ந்து, இருபதை அழிப்பானால் நிதானமாக அழித்து, பத்து என்று எழுதி, கோடு போட்டார்.

பரீதா மாமி வாசலில் வந்து நின்றார். "முடிஞ்சுதா? யாரு ஜெயிச்சது?"

"மாப்பிள்ளை" என்றார் அவர் எரிச்சலோடு.

மாலையில் தாயும் மகனும் சந்தை வழியாக இறங்கி, சிராங்கூன் சாலை விளக்கு மாறுவதற்காகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். ஆமினா பீவி மண்டபம், விருந்து, யார் யாரைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டே இருந்தார். யாசர் ம் கொட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா யோசனை?"

"எண்ணெய்க் கப்பலை இன்னும் கொஞ்சம் தள்ளி விட்டிருந்தா ஜொஹராவுக்கு அடியே விழுந்திருக்காதும்மா."

ஆமினா பீவி நின்று அவனைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட போயிட்டு வரேன்னு சொன்னியா?"

அவன் சொல்லவில்லை. மாமாவோடு லிப்ட் வரைக்கும் விதி பேசிக்கொண்டே வந்தவன் அப்படியே ஏறிவிட்டான். விளக்கு பச்சையாக மாறி எல்லோரும் சாலையைக் கடந்தபோது, யாசர் மட்டும் வந்த வழியே திரும்பி ஓடினான். பூக்கடைக்காரர் ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் ஏறி, மூன்றாவது மாடியில் அதற்காக வருந்தி, மிச்சத்துக்கு லிப்ட் பிடித்தான்.

கதவைத் திறந்தது யும்னா. அவள் தோளுக்குப் பின்னால் சாகுல் ஹமீது ஃபோனில் யாரிடமோ, நாலு என்றால் நாலுதானே என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"என்ன, மறந்துட்டீங்களா எதையாவது?"

"ஆமா" என்றான் மூச்சிரைக்க. "போயிட்டு வரேன்னு சொல்ல மறந்துட்டேன்."

"சொல்லுங்க."

"போயிட்டு வரேன்."

"சரி" என்றாள் யும்னா. கதவைச் சாத்திய பிறகும் அவள் சிரிப்பது வெளியே கேட்டது. யாசர் லிப்ட் வருகிறவரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.